கண்டும் காணாத முதல் எபிசோட்

ஜப்பானியத் தொலைக்காட்சியில் புது அனிமே தொடர்கள் ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில், கூட்டமாக வந்து இறங்குகின்றன. ஒரு பருவத்துக்குப் பல பத்துத் தொடர்கள். பெரும்பாலானவற்றுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று எபிசோடுகள்தான் ஆயுள். முதல் எபிசோட் ஓடி முடிந்த இரவே தீர்ப்புகள் வந்துவிடுகின்றன: எது தேறும், எது தேறாது, எதைத் தொடரலாம், எதைக் கழித்துக்கட்டலாம். மூன்று எபிசோட் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிடுவது ஜப்பானிய ரசிகர்களிடையே பெயர் வைத்துச் சொல்லும் அளவுக்கு ஊறிப்போன வழக்கம். ஒரு எபிசோடுகூடப் பார்க்காமல் தலைப்பையும் விளம்பரப் படத்தையும் மட்டும் வைத்துத் தள்ளிவிடுவதற்கும் அங்கே தனிப் பெயர் உண்டு. இருபத்து நான்கு நிமிடம் பார்த்த ஒருவர், இன்னும் வராத நாலரை மணி நேரத்தைப் பற்றி என்ன அறிந்துவிட முடியும்? முதல் பார்வையில் கிடைப்பது அறிவா, அறிவுபோலத் தோன்றும் வேறொன்றா? நம் அளவை நூல்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்வி இது. வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ‘அவசரப்படாதே, பொறுத்துப் பார்’ என்பது. அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. முதல் பார்வை பொய்த்துப்போன இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அங்கே குறைந்தது காலம் அல்ல என்பது தெரியும். கண்முன் ஓடியதைக் கண் வாங்கிக்கொள்ளவில்லை, அதுதான் நடந்தது.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரத்தில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டு வருகிறாள் மணிமேகலை. அவளிடம் பேசும் அளவைவாதி, அறிவுபோலத் தோன்றி ஏமாற்றும் குற்றங்கள் எட்டு என்று வகுத்துச் சொல்கிறான். அவற்றில் இரண்டு இங்கே வேண்டியவை. ஒன்று, தேராது தெளிதல்: வெட்டவெளியில் நிற்கும் தறியை ஆராயாமலே ஆள் என்று முடிவுகட்டிவிடுவது. மற்றொன்று, கண்டுணராமை: கொடும்புலி கிட்டே வந்து நிற்கும்போதும், அதைக் கண்ணால் பார்த்தும், புலி என்று உணராமல் இருப்பது. முதலாவதில் மனம் கண்ணைத் தாண்டி ஓடிவிட்டது. இரண்டாவதில் கண் கொண்டுவந்து கொடுத்ததை மனம் கையேந்தி வாங்கவே இல்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. தறியை ஆள் என்று நினைத்தவன் நாலடி கிட்டே போனால், சற்று நேரம் காத்திருந்தால், தெளிந்துவிடுவான். புலியைப் பார்த்தும் உணராதவனுக்குக் காத்திருப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முதல் எபிசோடைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள்மீது நாம் சுமத்தும் குற்றம் எப்போதும் முதல்வகைதான். அவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டாம்வகை என்பது என் வாதம்.

காலம் கொடுத்தால் பார்வை தானே தெளியும் என்று நம்புகிறவர்களுக்கு அனிமேயிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. கானெஹிதோ யமாதா எழுதி சுகாசா அபே வரைந்த மங்காவை, கெயிச்சிரோ சைதோ இயக்கத்தில் மேட்ஹவுஸ் நிறுவனம் தொடராக்கிய ‘ஃப்ரீரென்’ அது. அரக்க வேந்தனை வென்று, பத்தாண்டுப் பயணம் முடித்து, நான்கு தோழர்கள் தலைநகருக்குத் திரும்புவதில் கதை தொடங்குகிறது. மற்றக் கதைகள் முடிகிற இடம் இது. நால்வரில் ஒருத்தியான ஃப்ரீரென் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த எல்ஃப். அவளுக்குப் பத்தாண்டு ஒரு சிறு பொழுது. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் விண்கல் மழையை அடுத்த தடவை இன்னும் நல்ல இடத்திலிருந்து காட்டுகிறேன் என்று இலேசாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். திரும்பி வரும்போது, வீரன் ஹிம்மெல் வழுக்கை விழுந்து, உயரம் குறைந்து, தாடி வைத்த கிழவராக நிற்கிறார். விண்கல் மழையைச் சேர்ந்து பார்க்கிறார்கள். பிறகு அவர் இறந்துபோகிறார். சவப்பெட்டியைச் சுற்றி நிற்கும் ஊரார், தோழி அழக்கூட இல்லையே என்று முணுமுணுக்கிறார்கள். மண் விழும்போது அவள் கண்ணீர் பொங்குகிறது. இந்த மனிதனைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை என்ற உணர்வு அப்போதுதான் அவளைத் தாக்குகிறது. பத்தாண்டு பக்கத்திலேயே நடந்தவள் அவள். மூன்று எபிசோட் அல்ல, மூவாயிரம் நாளுக்கு மேல் கிடைத்தது. அத்தனை நாளும் ஹிம்மெல் அவளுக்கு ‘மனிதர்களில் ஒருவன், சீக்கிரம் போய்விடுவான்’ என்ற இனக்குறியாகவே இருந்தார். குறியைப் பார்த்த கண் ஆளைப் பார்க்கவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, மூன்று எபிசோட் விதிக்கு எல்லாரும் சான்றாகக் காட்டும் ‘மடோகா மாஜிகா’வுக்குப் போகலாம். 2011 ஜனவரியில் தொடங்கிய இத்தொடரை அகியுகி ஷின்போ இயக்கினார், கென் உரோபுச்சி எழுதினார். உமே ஆவோகி வரைந்த உருண்டை முகங்கள், மெல்லிய வண்ணங்கள், பேசும் வெள்ளைப் பிராணி, வரம் கேட்டு மந்திரச் சக்தி பெறும் பள்ளிச் சிறுமிகள். மூன்றாம் எபிசோடில், எல்லாருக்கும் அக்காவாக நிற்கும் மாமி என்ற சிறுமி சண்டையின் நடுவே தலை துண்டிக்கப்பட்டு இறக்கிறாள். ‘பார்த்தீர்களா, மூன்றாவது வரை பொறுத்தவர்களுக்குத்தான் இது என்ன கதை என்று தெரிந்தது’ என்பார்கள். முதல் எபிசோடைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. தொடரின் தொடக்கமே ஒரு பேரழிவு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கூடத்தில் நாயகி மடோகா தன்னந்தனியாக ஓடுகிறாள். படியேறி ஒரு கதவைத் தள்ளித் திறக்கிறாள். வெளியே நகரம் இடிந்து மிதக்கிறது, ஒரு சிறுமி தோற்கப்போகும் போரைத் தனியே செய்துகொண்டிருக்கிறாள், வெள்ளைப் பிராணி கண் இமைக்காமல் ஒப்பந்தம் பேசுகிறது. அந்தப் பேச்சில் இரக்கம் இல்லை, கணக்குதான் இருக்கிறது. அதே எபிசோடின் பின்பாதியில் வரும் சூனியக்காரியின் மண்டலத்தில் படமே வேறு கையால் செய்யப்பட்டது: வெட்டி ஒட்டிய காகிதங்கள், மீசை வைத்த பஞ்சுருண்டைகள், கத்தரிக்கோல்கள். மெல்லிய வண்ண உலகம் பொய் என்பதை அதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வது? படைத்தவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. ‘மந்திரச் சிறுமிக் கதை’ என்று அறிந்தவுடன் பார்வையாளர்கள் முதல் இரண்டு நிமிடத்தைக் கனவுக் கணக்கில் எழுதிவிட்டார்கள். மடோகா படுக்கையில் கண் விழித்ததும் அதற்கு வசதியாகப் போயிற்று. புலி முதல் எபிசோடிலேயே வந்து நின்றது.

இன்னும் பின்னால் போனால் விலை அதிகம். யோஷியுகி தோமினோவின் ‘மொபைல் சூட் கண்டாம்’ 1979 ஏப்ரல் 7 அன்று ஒளிபரப்பானது. ராட்சத இயந்திரம், அதை ஓட்டும் சிறுவன் அமுரோ, பொம்மை விற்கும் விளம்பரதாரர். எல்லாமே அதற்கு முன் வந்த இயந்திர வீரத் தொடர்களின் அடையாளங்கள். முதல் எபிசோடில் நடப்பது வேறு. வேவு பார்க்க மட்டும் அனுப்பப்பட்ட எதிரிப் படையில் ஜீன் என்ற இளம் சிப்பாய், பேர் எடுக்கும் ஆசையில் மேலதிகாரி பேச்சைக் கேளாமல் சுடத் தொடங்குகிறான். அந்த ஆசையால் குடியிருப்பு எரிகிறது, அமுரோவின் தோழி ஃப்ராவின் தாய் கண்ணெதிரே சாகிறாள். அமுரோ வீர வசனம் பேசாமல், இயந்திரத்துக்குள் உட்கார்ந்து கையேட்டைப் புரட்டி இயக்கக் கற்கிறான். எதிரி பூதம் அல்ல, பதவி உயர்வுக்கு ஏங்கும் பையன் என்று முதல் இருபது நிமிடத்திலேயே காட்டிவிட்ட தொடர் அது. பார்வையாளர் எண்ணிக்கை குறைவு, பொம்மை விற்பனையும் சரியில்லை. 52 எபிசோடுகளாகத் திட்டமிட்டது 43இல் நிறுத்தப்பட்டது. மறுஒளிபரப்பிலும், 1980இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் மாதிரிகளாலும், அடுத்து வந்த திரைப்படங்களாலும்தான் அது ஒரு தலைமுறையின் கதையானது. மறுஒளிபரப்பில் புது எபிசோட் எதுவும் சேரவில்லை, அதே படச்சுருள்தான். மாறியது பார்த்தவர்களின் கண். 2017இல் வந்த ‘கெமோனோ ஃப்ரெண்ட்ஸ்’ விஷயத்திலும் இதுவே நடந்தது. அதன் மூலமான கைபேசி விளையாட்டு, தொடர் தொடங்குமுன்பே மூடப்பட்டிருந்தது. கணினிச் சித்திரம் கரடுமுரடு. குழந்தைகளுக்கான விலங்குக் கதை என்று பலர் ஒதுக்கினார்கள். சிலர்தான் முடிவுப் பாட்டின் பின்னணியில் கைவிடப்பட்ட பொழுதுபோக்குப் பூங்காவின் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓடுவதைக் கவனித்து, இங்கிருந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார்கள். சில வாரத்தில் அந்தக் கேள்வி எல்லாருடைய கேள்வியாகிவிட்டது.

பெயரும் இனமும் கண்ணுக்கு முன்னே போய் நின்றுகொள்வதுதான் நோய் என்றால், அவை இல்லாத பார்வை என்று ஒன்று உண்டா? மணிமேகலை இங்கேயும் துணைக்கு வருகிறது, அதிலும் வியப்பான விதத்தில். வஞ்சியின் அளவைவாதி சுட்டுணர்வை, அதாவது ‘ஏதோ ஒன்று இருக்கிறது’ என்ற அளவில் நிற்கும் வெறும் காட்சியை, எட்டுக் குற்றங்களுள் ஒன்றாக வைத்துவிடுகிறான். 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் பௌத்த அளவையைச் சொல்லும்போது அதே சுட்டுணர்வுதான் காட்சி அளவையின் இலக்கணம் ஆகிவிடுகிறது. பெயர், இனம், பண்பு, செயல் ஆகியவற்றை ஏற்றிப் பார்ப்பதெல்லாம் காட்சி அல்ல, அனுமானத்தின் பக்கம் போய்ச் சேரும் என்கிறார் அடிகள். இது காஞ்சிக்கு அருகே பிறந்தவராகச் சொல்லப்படும் திக்நாகரின் மரபு. அந்தத் தர்க்க மரபு 7ஆம் நூற்றாண்டில் சுவான்சாங் மொழிபெயர்ப்புகள் வழியாகச் சீனத்துக்கும், அங்கிருந்து நாராவின் ஹொஸ்ஸோ பிரிவு மடங்களுக்கும் போனது. ஆகவே ஜப்பானியத் தொடரை அளக்க இந்த அளவுகோலை எடுப்பதில் அந்நியம் எதுவும் இல்லை. அடிகள் சொல்வதை ஏற்றால், முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு நாம் ‘முதல் பார்வை’ என்று சொல்வதில் பெரும்பகுதி பார்வையே அல்ல. ‘லாரி மோதிச் செத்து வேற்றுலகில் பிறக்கிறான், ஆகவே இது பழைய கதை’ என்பது அனுமானம். ‘இந்த நிறுவனம் போன தடவை சொதப்பியது, ஆகவே’ என்பது அனுமானம். இவற்றுக்குக் கண்ணால் கண்ட சாட்சியின் மரியாதையைக் கொடுத்துவிடுகிறோம். பிழை அங்கேதான் நுழைகிறது.

அளவைவாதியின் பக்கத்திலிருந்து வலுவான மறுப்பு ஒன்று எழும். பெயரும் இனமும் இல்லாத காட்சியால் என்ன பயன்? 1966இல் ‘சாலி’ தொடரும் 1992இல் ‘செய்லர் மூன்’ தொடரும் வந்து, மந்திரச் சிறுமி என்றால் யார் என்று நாட்டுக்கே பழக்கிவைத்திருக்காவிட்டால், மாமியின் சாவு யாரையும் உலுக்கியிருக்காது. இனத்தை அறிந்தவனுக்குத்தான் மீறல் தெரியும். இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பௌத்தரும் அனுமானத்தை விலக்கவில்லை. அவர்களுக்கு அளவைகள் இரண்டு, காட்சியும் அனுமானமும். ஆனால் அனுமானம் தன்னை அனுமானம் என்று அறிந்திருக்கும்வரைதான் அடுத்த காட்சியால் திருத்தப்பட இடம் கொடுக்கும். காட்சி வேடம் போட்டுக்கொண்டால், பிறகு வரும் எதையும் உள்ளே விடாது. ‘இது மந்திரச் சிறுமிக் கதையின் அடையாளங்களோடு தொடங்குகிறது’ என்று சொல்கிறவர், இடிந்த நகரத்தைப் பார்த்ததும் நெற்றி சுருக்குவார். ‘இது மந்திரச் சிறுமிக் கதை’ என்று முடித்துவிட்டவருக்கு இடிந்த நகரம் வெறும் கனவு.

அடுத்த மறுப்பு இன்னும் கடுமையானது. மடோகாவும் கண்டாமும் விதிவிலக்குகள், முதல் எபிசோடில் சப்பென்று இருக்கும் தொடர்கள் பெரும்பாலும் கடைசிவரை சப்பென்றுதான் இருக்கின்றன, நூற்றுக்கணக்கான தொடர்களைப் பார்த்துத் தேர்ந்தவரின் ஊகம் பத்தில் எட்டுத் தடவை பலிக்கும், நீ பொய்த்த இரண்டை மட்டும் பொறுக்கி எடுத்துப் பேசுகிறாய் என்பது அது. ஊகம் பெரும்பாலும் பலிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பலித்த ஊகம் அறிவாகிவிடாது. வெட்டவெளியில் நிற்பதையெல்லாம் ஆள் என்று சொல்லிக்கொண்டே போகிறவன், நிற்பவை பெரும்பாலும் ஆட்களாக இருக்கும் ஊரில் பெரும்பாலும் சரியாகவே சொல்வான். அதனால் அவன் எதையாவது பார்த்தான் என்று ஆகாது. தேர்ந்த ரசிகரின் அனுபவம் இனத்தைப் பற்றியது, இந்தத் தொடரைப் பற்றியது அல்ல. இனத்துக்குள் அடங்குவதில் அந்த அனுபவம் கெட்டி. புதிதாக ஒன்று பிறக்கும்போது முதலில் தடுமாறுவதும் அதுவே. கலையில் நமக்கு உண்மையாகவே வேண்டியது அந்தப் புதியதுதானே? பத்தில் எட்டு என்ற கணக்கில் வெற்றி பெற்று, வேண்டிய இரண்டைத் தவறவிடும் கருவியை எந்த அடிப்படையில் நம்புவது? மனிதர்கள் விஷயத்தில் இந்த நியாயத்தை நாம் ஏற்பதே இல்லை. ஒருவரைச் சாதியையும் ஊரையும் வைத்து எடைபோட்டுவிட்டு, என் கணக்கு பெரும்பாலும் சரியாக வருகிறது என்று ஒருவர் சொன்னால், சரியாக வந்த அந்த ஆளுக்கும் அநீதி நடந்திருக்கிறது என்றே சொல்வோம். அவரை யாரும் பார்க்கவில்லை.

வாழ்நாள் குறைவு என்பதும் உண்மை. ஒரு பருவத்துத் தொடர்கள் அத்தனையையும் கடைசிவரை பார்ப்பது வேலையும் குடும்பமும் உள்ள யாராலும் ஆகாது. விட்டுத்தான் ஆகவேண்டும். விடுவதில் குற்றமே இல்லை. முதல் ஐந்து நிமிடத்தில் எழுந்து போகவும் ஒருவருக்கு உரிமை உண்டு. நான் வற்புறுத்துவது, விலகுவதும் தீர்ப்புச் சொல்வதும் இரண்டு வேறு செயல்கள் என்பதை. விலகலுக்குக் காரணம் என்னிடம் இருந்தால் போதும்: அலுப்பு, நேரமின்மை, இரத்தம் பார்க்கப் பிடிக்காதது. தீர்ப்புக்கான காரணம் படைப்பிடம் இருக்க வேண்டும். நாம் நம் அலுப்பைச் சொல்ல வெட்கப்பட்டு, அதற்குப் படைப்பின் குறை என்று சட்டை மாட்டிவிடுகிறோம். ‘ஒரு எபிசோட் பார்த்தேன், மனம் ஒட்டவில்லை’ என்பது மறுக்க முடியாத உண்மை. ‘வெத்துத் தொடர்’ என்பது பார்க்காத பதினொன்றுக்கும் சேர்த்துச் சொல்லும் சாட்சி.

இங்கே படைப்பாளிகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். முதல் பார்வையின் பலம் அவர்களுக்குத் தெரியும். ‘ஃப்ரீரெ’னின் முதல் நான்கு எபிசோடுகளை நிப்பான் டிவி 2023 செப்டம்பர் 29 அன்று, வெள்ளிக்கிழமைத் திரைப்பட நேரத்தில், ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் ஒளிபரப்பியது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ‘ஓஷி நோ கோ’வின் முதல் எபிசோட் மட்டும் தொண்ணூறு நிமிடம். முதல் எபிசோடையே வாசல் அலங்காரமாக்கிவிட்டார்கள், பிறகு அதை வைத்து எடைபோடுவதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நோ நாடகத்தின் பேராசான் ஸெஆமி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘ஃபூஷிகாடென்’ நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதில் அரங்கேறும் நடிகன் போட்டியில் மூத்த கலைஞனைக்கூட வென்றுவிடலாம், அது பார்ப்பவர் கண்ணுக்கு அவன் புதியவன் என்பதால் பூக்கும் பூ, உண்மையான பூ அல்ல, அதை உண்மையென்று நம்புகிற நடிகன் கெட்டுப்போவான் என்கிறார். அதே ஸெஆமி புதுமையை இகழவும் இல்லை. பூவும் சுவையும் புதுமையும் ஒரே மனத்தின் மூன்று பக்கங்கள் என்றும் அவரே சொல்கிறார். பருவத்தின் பூ பொய்ப்பூ அல்ல என்பதே எனக்கு இதில் முக்கியம். அது பூத்தது, மணந்தது. நிலைக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

2021 ஜனவரியில் தொடங்கிய ‘வொண்டர் எக் பிரயாரிட்டி’யை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மஞ்சள் முக்காட்டு மேல்சட்டை போட்ட ஆய் என்ற சிறுமி, தற்கொலை செய்துகொண்ட தோழியை மீட்கும் நம்பிக்கையில், கனவு மண்டலத்துக்குள் ஒரு முட்டையை உடைக்கிறாள். முட்டைக்குள்ளிருந்து வரும் முகம் தெரியாத இன்னொரு சிறுமிக்காகப் பேய்களோடு போராடவேண்டி வருகிறது. அசைவிலும் முகபாவத்திலும் அந்த முதல் எபிசோடுக்கு நிகராகத் தொலைக்காட்சி அனிமேயில் வந்தவை குறைவு. பிறகு தயாரிப்பு நேரம் போதாமல் திணறியது. நடுவிலேயே பழைய காட்சிகளைத் தொகுத்து ஓர் எபிசோட் போட நேர்ந்தது, ஜூன் மாதம்வரை தள்ளிப்போன நிறைவுப் பகுதி ரசிகர்களைக் கசக்க வைத்தது. இப்போது, முதல் எபிசோடைக் கொண்டாடியவர்கள் ஏமாந்தவர்கள் என்று சொல்கிறார்கள். அவர்களில் ‘இந்த ஆண்டின் தலைசிறந்த தொடர்’ என்று அன்றே எழுதியவர்கள் தேராது தெளிந்தவர்கள்தான். ஆனால் முட்டை உடையும் காட்சியைப் பார்த்து, அந்த முகத்தில் தெரிந்த அச்சத்தையும் துணிவையும் பற்றி மட்டும் எழுதியவர்கள் எதிலும் தவறவில்லை. தொடக்கத்தை வைத்து முழுமையைத் தீர்ப்பது முறையல்ல என்றால், முழுமை சரிந்தது என்பதற்காகத் தொடக்கத்தை ரத்து செய்வதும் முறையல்ல. ஜூன் மாதத்துக் கசப்பு ஜனவரி எபிசோடுக்குள் போய் ஒரு சட்டகத்தையும் மாற்றிவிடவில்லை. அதை இன்று முதல் தடவையாகப் போட்டுப் பார்க்கிறவருக்கும் ஆய் அதே நடுக்கத்தோடுதான் அந்த முட்டையை உடைக்கிறாள்.